எத்தனால் ரிஃபார்மிங் ஆறு மணி நேரத்தில் அடைத்துக்கொள்கிறது, வைக்கோலுக்கே மாறிவிடலாமா?

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எத்தனாலை நீராவியோடு சேர்த்து ரிஃபார்மிங் செய்து ஹைட்ரஜன் எடுக்கும் மேசை அளவு அமைப்பு ஒன்று தஞ்சாவூரில் ஓடுகிறது. சரியாகச் சொன்னால் ஆறு மணி நேரம் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது.

குழாய் எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகு), உள்விட்டம் 10 மில்லிமீட்டர், செங்குத்தாக நிற்கிறது, ஓட்டம் மேலிருந்து கீழே. வினையூக்கி காமா அலுமினா மேல் 10% நிக்கல், 0.3 கிராம், 250 முதல் 400 மைக்ரான் வரை சலித்தது. 1 கிராம் சிலிக்கான் கார்பைடோடு கலந்து வைத்திருக்கிறது. 650 டிகிரியில் 2 மணி நேரம் ஹைட்ரஜனில் ஒடுக்கம் (ஆக்ஸைடை நிக்கலாக்குவது), பிறகு 600 டிகிரியில் ஓட்டம். தண்ணீரில் எடைக்கு 30% எத்தனால், பம்ப் நிமிடத்துக்கு 0.1 மில்லி. கூடவே நைட்ரஜன் நிமிடத்துக்கு 30 மில்லி. ஆவியாக்கி என்று தனியாக எதுவும் இல்லை. 1/8 அங்குலக் குழாயில் ஹீட்டிங் டேப் சுற்றி 130 டிகிரியில் வைத்திருக்கிறோம். வெளியே வருவது, ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் ஐஸ் ட்ராப் தாண்டி, வாயுக்களைப் பிரித்து அளக்கும் ஜிசிக்குப் போகிறது.

முதல் இரண்டு மணி நேரம் நைட்ரஜனைக் கழித்த உலர்வாயுவில் ஹைட்ரஜன் 68, கார்பன் டை ஆக்ஸைடு 17, கார்பன் மோனாக்ஸைடு 11, மீத்தேன் 4 சதவீதம். மூன்றாவது மணியிலிருந்து இறக்கம். ஆறாவது மணியில் ஹைட்ரஜன் 52, எத்திலீன் 9. அழுத்த இழப்பு 0.05 பாரில் தொடங்கி 0.8 பாருக்கு ஏறியதும் பம்ப் ட்ரிப் ஆகிறது. இத்தனைக்கும் கார்பன் கணக்கு (உள்ளே போன கார்பனில் வாயுவாக வெளியே வந்த பங்கு) தொடக்கத்தில் 97, 98 சதவீதம் வந்தது. கரி படியவில்லை என்றுதான் நினைத்தோம்.

கேள்வி மூன்று. வினையூக்கியை மாற்ற வேண்டுமா? தண்ணீரைக் கூட்டினால் போதுமா? எத்தனால் விலைக்கு இது கட்டுப்படியாகாது, சம்பா அறுவடை முடிந்தால் வயலெல்லாம் வைக்கோல் கிடக்கிறது, அதை கேசிஃபையரில் (சூட்டில் வாயுவாக்கும் உலையில்) போட்டு ஹைட்ரஜன் எடுத்துவிடலாமே என்கிறார்கள். டெல்டாவுக்கு எது பொருந்தும்?


உலைக்களம்:

தம்பி, வினையூக்கியில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். முதலில் அந்த 98 சதவீதத்தைப் பார்ப்போம், ஏமாந்தது அங்கேதான்.

30% கரைசலின் அடர்த்தி 0.95. நிமிடத்துக்கு 0.1 மில்லி என்றால் 0.095 கிராம், அதில் எத்தனால் 0.0285 கிராம், அதாவது 0.62 மில்லிமோல். ஒவ்வொன்றிலும் இரண்டு கார்பன், ஆக நிமிடத்துக்கு 1.24 மில்லிமோல் கார்பன் உள்ளே போகிறது. அதில் வெறும் 2% கரியாக உட்கார்ந்தால் நிமிடத்துக்கு 0.3 மில்லிகிராம். ஆறு மணி நேரத்தில் 107 மில்லிகிராம். உங்கள் வினையூக்கியே 300 மில்லிகிராம்தான்! ஜிசியின் பிழையே 2% இருக்கும், ஆகவே கார்பன் கணக்கை வைத்துக் கரி இல்லை என்று ஒருபோதும் சொல்ல முடியாது. குழாயை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். இல்லாவிட்டால் கரியை எரித்து வரும் கார்பன் டை ஆக்ஸைடை அளந்து பாருங்கள்.

மற்றபடி உங்கள் ஜிசி எண்கள் நம்பத்தக்கவை. சரிபார்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. முழு வினை நடந்தால் 1 மோல் எத்தனாலும் 3 மோல் நீராவியும் சேர்ந்து 2 மோல் கார்பன் டை ஆக்ஸைடு, 6 மோல் ஹைட்ரஜன் தரும். வெளியே வரும் ஒவ்வொரு மோல் மீத்தேனுக்கும் 4 மோல் ஹைட்ரஜன் நட்டம், ஒவ்வொரு மோல் கார்பன் மோனாக்ஸைடுக்கும் 1 மோல் நட்டம். உங்கள் முதல் இரண்டு மணி நேரக் கணக்கில் கார்பன் உள்ள வாயுக்கள் 17, 11, 4. கூட்டினால் 32, பாதி 16 மோல் எத்தனால். ஹைட்ரஜன் 68ஐ 16ஆல் வகுத்தால் 4.25. குறுக்குவழியில் 6லிருந்து மீத்தேனுக்கு 1, மோனாக்ஸைடுக்கு 0.69 கழித்தால் 4.31. இரண்டும் ஒட்டி வருகின்றன. ஜிசியின் கேரியர் வாயு ஆர்கான்தானே? ஹீலியமாக இருந்தால் ஜிசியின் டிசிடி உணரியில் ஹைட்ரஜன் பீக் கோணிக்கொண்டு வரும், இந்தப் பொருத்தம் வராது.

ஆக, புது வினையூக்கி அதன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பிறகு வரும் எத்திலீன்தான் குற்றவாளியின் கால்தடம். எத்தனால் இரண்டு வழியில் போகலாம். ஹைட்ரஜனை உதிர்த்து அசிட்டால்டிஹைடு ஆனால் நல்லது. அது நிக்கல் மேல் மீத்தேனாகவும் மோனாக்ஸைடாகவும் உடைந்து, நீராவியோடு சேர்ந்து ஹைட்ரஜனாக முடியும். தண்ணீரை உதிர்த்தால் எத்திலீன். எத்திலீன் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கரியாகும். இரண்டாவது வழியைத் திறந்துவிடுவது அமிலத்தன்மை உள்ள பரப்பு, முக்கியமாகக் காமா அலுமினா. நிக்கல் புதிதாக இருக்கும்வரை வந்த எத்திலீனையும் சேர்த்து உடைத்துவிடும், அதனால் ஜிசியில் தெரியாது. நிக்கல் கரியில் மூடத் தொடங்கியதும் எத்திலீன் வெளியே தலைகாட்டும். மூன்றாவது மணியில் புதிதாக எதுவும் கெடவில்லை. முதல் நிமிடத்திலிருந்தே நடந்தது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது அந்த 130 டிகிரி டேப். எத்தனால் 78இல் கொதிக்கும், தண்ணீர் 100இல். மெதுவாகச் சூடாகும் மெல்லிய குழாயில் எத்தனால் முந்திக்கொண்டு ஆவியாகி, தண்ணீர் பின்னால் சொட்டுச் சொட்டாக வரும். மோல் கணக்கில் சராசரி 6க்கு 1 என்று நீங்கள் நினைக்கும் தண்ணீர்–எத்தனால் விகிதம், அந்த நொடியில் 2க்கு 1 ஆகவும் இருக்கலாம். அழுத்தமானி முள் சில நொடிக்கு ஒருமுறை துடிக்கிறதா பாருங்கள், துடித்தால் இதுதான். 1/16 அங்குலக் குழாயில் திரவத்தைக் கொண்டுவந்து, 180 டிகிரியில் இருக்கும் சிலிக்கான் கார்பைடு நிரப்பிய ஒரு சின்ன அறைக்குள், நைட்ரஜன் ஓட்டம் நடுவே நேராகச் சொட்டவிடுங்கள். அங்கிருந்து உலை வாய் வரை எந்த இடமும் 150க்குக் கீழே போகக்கூடாது. வழக்கமாக மறந்துபோகும் இடம் ஃபிட்டிங் நட்டுகள்; அவற்றின் மேலும் டேப் சுற்ற வேண்டும்.

தண்ணீரைக் கூட்டுவது பற்றி: 30%ஐ 24% ஆக்கினால் விகிதம் 8க்கு 1 ஆகும், கரி குறையும். ஆனால் வெப்பக் கணக்கு கைக்கு வராது. ஆவி நிலையில் வினைக்கு மோலுக்கு 174 கிலோஜூல் வேண்டும். 6 மோல் தண்ணீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 244. வினையைவிடத் தண்ணீரைக் கொதிக்கவைப்பதுதான் பெரிய செலவு. அதை மேலும் கூட்டுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து போடுவது.

இப்போது ஒரே ஒரு கேள்வி. வினையூக்கிப் படுகைக்கு மேலே குழாயில் என்ன வைத்திருக்கிறீர்கள்? கரி படுகைக்குள் இருந்ததா, படுகைக்கு மேலே இருந்ததா?


வெண்ணாற்றங்கரை:

விளக்கத்துக்கு நன்றி சார். கேரியர் ஆர்கான்தான். முள் துடிப்பதும் உண்மை, பம்பின் துடிப்பு என்று விட்டுவிட்டோம்.

படுகைக்கு மேல் குவார்ட்ஸ் கம்பளி, அதற்கு மேல் ஆவி நன்றாகச் சூடாகட்டும் என்று 6 சென்டிமீட்டர் உயரத்துக்கு 3 மில்லிமீட்டர் வெள்ளை உருண்டைகள். ஆய்வகத்தில் ஈரம் உறிஞ்ச வைத்திருக்கும் ஜாடியிலிருந்து எடுத்தது. இப்போது பிரித்துப் பார்த்தால் உருண்டைகளில் கீழ்ப்பாதி அட்டைக்கரி. உருண்டைகளுக்கு நடுவே கறுப்புப் பஞ்சு மாதிரி அடைத்திருக்கிறது. வினையூக்கியில் மேல் 2 மில்லிமீட்டர் மட்டும் கறுப்பு, அடியில் சாம்பல் நிறம் மாறவில்லை.


உலைக்களம்:

கிடைத்துவிட்டது. ஈரம் உறிஞ்சும் அந்த வெள்ளை உருண்டை ஆக்டிவேட்டட் அலுமினா, காமா அலுமினாவின் அண்ணன் தம்பிதான். எத்தனாலிலிருந்து எத்திலீன் செய்யும் ஆலைகள் அலுமினாவைத்தான் 350 முதல் 450 டிகிரியில் பயன்படுத்துகின்றன. உத்தரகண்ட் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் மொலாசஸ் ஆல்கஹாலை எத்திலீனாக்கித்தான் கிளைக்கால் செய்கிறது. உங்கள் குழாயில் 130லிருந்து 600 வரை ஏறும் இடம் முழுக்க அந்த உருண்டை. தெரியாமலே மேலே ஒரு எத்திலீன் ஆலையும் கீழே ஒரு ரிஃபார்மரும் கட்டியிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

உருண்டைகளைத் தூக்கி எறியுங்கள். அந்த இடத்தில் 1 மில்லிமீட்டர் சிலிக்கான் கார்பைடு, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கழுவி, தண்ணீரில் அலசி, 800 டிகிரியில் சுட்டது. உயரம் 2 சென்டிமீட்டர் போதும். முன்சூடு இடம் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. முடிந்தால் எஸ்எஸ் குழாய்க்குள் குவார்ட்ஸ் உறை போடுங்கள். சூடான எஃகுச் சுவரும் எத்தனாலை உடைத்துக் கரி வளர்க்கும்.

பிறகு வினையூக்கியே இல்லாமல், சிலிக்கான் கார்பைடு மட்டும் போட்டு 600இல் ஒரு மணி நேரம் வெற்றோட்டம். எத்தனால் மாற்றம் (உடைந்துபோன எத்தனாலின் பங்கு) 5 சதவீதத்துக்குள் இருந்தால் குழாய் சுத்தம். 30, 40 வந்தால் சுவர்தான் வினையூக்கி. அதை அடக்காமல் எந்த வினையூக்கியை ஒப்பிட்டாலும் பொய்.

இது முடிந்த பிறகு வினையூக்கிக்கு வரலாம். நிக்கலைச் சுமக்கும் உங்கள் தாங்கியும் காமா அலுமினாதானே, அதன் அமில முனையையும் மழுக்க வேண்டும். லாந்தனம் எளிது. 10 கிராம் காமா அலுமினாவுக்கு லாந்தனம் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 2.95 கிராம். அலுமினாவின் துளைக் கொள்ளளவை முதலில் அளந்துகொள்ளுங்கள்: 1 கிராம் எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, தூள் ஒட்டத் தொடங்கும் இடம். அந்த அளவுத் தண்ணீரில் மட்டும் கரைத்து ஊட்டி, இரவு முழுக்க 110 டிகிரியில் உலர்த்தி, 700இல் 4 மணி நேரம் சுடுங்கள். அதன் மேல் நிக்கல் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 6.12 கிராம் அதே முறையில். ஆனால் இந்த முறை சுடுவது 500 டிகிரியில் மட்டும். இங்கே 800க்கு ஏற்றினால் நிக்கல் அலுமினாவோடு ஸ்பைனல் என்னும் கெட்டிச் சேர்மமாகக் கட்டிக்கொள்ளும், உங்கள் 650 டிகிரி ஒடுக்கத்துக்கு அசையாது.

ஓட்டம் தொடங்கும்போது நைட்ரஜனில் 600 டிகிரிக்குக் கொண்டுவந்து, பிறகு கரைசல். தனி நீராவியை மட்டும் நெடுநேரம் விட்டால் நிக்கல் ஆக்ஸைடாகிவிடும். தனி எத்தனால் கூடவே கூடாது. நிறுத்தும்போது பம்பை நிறுத்தி, 600இலேயே அரை மணி நைட்ரஜன் விட்டு வாயுவெல்லாம் கழுவிய பிறகுதான் உலையை அணைக்க வேண்டும். காரணம் சும்மா இல்லை: கார்பன் மோனாக்ஸைடு உள்ளே இருக்க, குழாய் 200 டிகிரிக்குக் கீழே ஆறினால் நிக்கல் கார்போனில் உண்டாகும். கொடிய விஷம், மிகக் குறைந்த அளவே போதும்.

கரியை எரிக்க நேரடிக் காற்று வேண்டாம். நைட்ரஜனில் 2% ஆக்ஸிஜன், 450 டிகிரியில் தொடங்கி, தெர்மோகப்பிள் 30 டிகிரிக்கு மேல் எகிறினால் ஆக்ஸிஜனைக் குறையுங்கள். முழுக் காற்று விட்டால் கரி ஒரே மூச்சில் எரிந்து நிக்கல் துகள்கள் உருகி ஒட்டிக்கொள்ளும்.


உமிச்சாம்பல்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். "வைக்கோல் கிடக்கிறது" என்பதே பாதி உண்மை. சம்பா, தாளடி வைக்கோலை இயந்திரம் உருளைக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. மாட்டுத் தீவனத்துக்கு நல்ல விலை இருக்கிறது. மிஞ்சுவது மழையில் மாட்டிய வைக்கோல், குறிப்பாகக் குறுவை அறுவடை மழையில் சிக்கியது. கறுத்துப்போய் மாடு முகர்ந்துகூடப் பார்க்காது.

கேசிஃபையருக்கு அந்தக் கறுத்த வைக்கோல்தான் மேல்! வைக்கோல் சாம்பல் எடையில் 15 முதல் 20 சதவீதம். பெரும்பகுதி சிலிக்கா, அதோடு பொட்டாசியமும் குளோரினும். சிலிக்கா தனியாக 1,700 டிகிரி வரை உருகாது. பொட்டாசியம் சேர்ந்தால் 800, 850இலேயே கண்ணாடியாக இளகி மணல் படுகையைக் கட்டிகட்டியாக்கிவிடும். ஸ்டீம் கேசிஃபிகேஷன் நடப்பதும் அதே 800, 850இல்தான். ஆனால் பொட்டாசியமும் குளோரினும் தண்ணீரில் கரைபவை. நல்ல மழை இரண்டு பெய்தால் பெரும்பங்கு கழுவிக்கொண்டு போய்விடும். மழை கழுவிய வைக்கோலை 15% ஈரத்துக்குக் கீழே காயவைத்துக் கொடுத்தால் கட்டி பிடிப்பது வெகுவாகக் குறையும். காயவைப்பதுதான் பாடு. ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் வெயிலை எங்கே தேடுவது.

அடுத்த வில்லன் கனமின்மை. உதிரி வைக்கோல் ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகூட வராது. ஹாப்பரில் பாலம் கட்டி நிற்கும். கீழே உலை பசித்திருக்கும். நறுக்கி, பெல்லட் போட்டுத்தான் ஆக வேண்டும், அதற்குக் கரண்ட் செலவு.

உமி இதைவிட ஒழுங்கு. நெல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அரிசி ஆலையில் ஒரே இடத்தில், காய்ந்தே கிடைக்கும். சாம்பல் அதே 15, 20 சதவீதம் என்றாலும் பொட்டாசியம் குறைவு. குறை வேறு: சிலிக்கா எலும்புக்கூடு மாதிரி நின்று கரியை உள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும். சாம்பல் கறுப்பாக வந்தால் உள்ளே கார்பன் மிச்சம். தவிர, புழுங்கல் ஆலை பாய்லருக்கே உமிதான் எரிபொருள். மிச்சம் எவ்வளவு என்று ஆலையில் கேட்டுவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

முதல் சோதனைக்கு என் தேர்வு இரண்டுமில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய்ச் சிரட்டை, கடலோரத்தில் சவுக்கு. சாம்பல் 1, 2 சதவீதம்தான், கட்டி பிடிக்காது, வாயு மேலிருந்து கீழே இறங்கும் டவுன்ட்ராஃப்ட் உலையில் தார் ஒரு கன மீட்டர் வாயுவுக்கு 1 கிராமுக்குள் அடங்கும். அதிலேயே ஹைட்ரஜன் வரிசை முழுவதையும் பழகிவிட்டு உமிக்கு வாருங்கள்.

ஹைட்ரஜன் வேண்டுமென்றால் காற்று ஊதும் கேசிஃபையர் உதவாது. வாயுவில் பாதி நைட்ரஜன், ஹைட்ரஜன் 15, 20 சதவீதம்; அழுத்தத்தை ஏற்றி இறக்கி ஹைட்ரஜனைப் பிரிக்கும் பிஎஸ்ஏவுக்கு அது பெரும் சுமை. ஆக்ஸிஜனும் நீராவியும் ஊத வேண்டும், இல்லாவிட்டால் ஒரு படுகையில் எரித்து மறு படுகையில் நீராவி மட்டும் விடும் இரட்டைப் படுகை. அதில் 35 முதல் 45 சதவீதம் ஹைட்ரஜன் பார்க்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஆக்ஸிஜன்–நீராவி முறையில் ஒரு கிலோ உயிர்ப்பொருளுக்கு 100 கிராம் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டியிருக்கிறது. கோட்பாட்டு உச்சமே சாம்பல் இல்லாத உலர் எடைக்கு 180 கிராம் சொச்சம்தான். சாம்பல் கூடக்கூட, மொத்த எடைக்கு இரண்டும் இறங்கும்.

அதன் பிறகு வரிசை நீளம். சைக்ளோன், பீங்கான் வடிகட்டி, 850 டிகிரியில் டோலமைட் அல்லது நிக்கல் வைத்துத் தாரை உடைக்கும் இரண்டாம் ரிஃபார்மர், 350 டிகிரியில் துத்தநாக ஆக்ஸைடு வைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு பிடிப்பது, அதே அளவு சூட்டில் இரும்பு–குரோமியம் ஷிஃப்ட் (மோனாக்ஸைடும் நீராவியும் சேர்ந்து ஹைட்ரஜனாவது), 200 சொச்சத்தில் தாமிரம்–துத்தநாக ஷிஃப்ட், கடைசியில் பிஎஸ்ஏ. வண்டி ஃப்யூவல் செல்லுக்கான ஐஎஸ்ஓ 14687 தரத்தில் மோனாக்ஸைடு 0.2 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது. எத்தனால் ரிஃபார்மரில் தார், சாம்பல் தொல்லை இல்லை. வைக்கோலில் மூலப்பொருள் மலிவு, சுத்திகரிப்பு கொள்ளை. மேசை அளவில் வைக்கோல் வேண்டவே வேண்டாம். தினம் சில டன்னுக்குக் குறைந்து இந்த வரிசை நிற்காது.


உலைக்களம்:

உமிச்சாம்பல் சொன்னதோடு எத்தனால் பக்கத்து விலைக் கணக்கையும் வைத்துவிடுகிறேன். தூய எத்தனால் 1 லிட்டரில் 17.1 மோல். மோலுக்கு 4.25 ஹைட்ரஜன் என்றால் 147 கிராம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 6.8 லிட்டர். லிட்டர் 60 ரூபாய் என்று வைத்தால் மூலப்பொருள் மட்டுமே 400 ரூபாயைத் தாண்டும், உலைக்கான எரிபொருள் தனி. உங்களிடம் சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை.

ஆனால் பெட்ரோலில் கலக்கும் 99.5% ஆல்கஹாலின் விலை அது. நமக்கு எப்படியும் தண்ணீர் வேண்டும். நொதித்த வாஷில் 8, 10 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். ஆல்கஹாலை ஆவியாகப் பிரிக்கும் ஸ்ட்ரிப்பிங் கோபுரம் ஒன்றைத் தாண்டினாலே எடைக்கு 40% அளவில் ஆவி வெளியே வரும். செறிவைக் கூட்டும் ரெக்டிஃபையிங் கோபுரமும் வேண்டாம், மிச்சத் தண்ணீரை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடையும் வேண்டாம், ஆவியைக் குளிர்வித்து மறுபடி சூடாக்கவும் வேண்டாம். கரும்பாலையும் சாராய ஆலையும் ஒரே வளாகத்தில் இருந்தால் இந்த வழி யோசிக்கத்தக்கது. விலையும் உண்டு: அந்த ஆவியில் ஃப்யூசல் ஆயில் (கனமான ஆல்கஹால்கள்), அசிட்டிக் அமிலம் எல்லாம் கூடவே வரும், இரண்டும் கரி வளர்ப்பவை. வெள்ளைச் சர்க்கரைக்குக் கந்தகப் புகை விடும் ஆலை என்றால் மொலாசஸிலும் கந்தகம் ஒட்டியிருக்கும், நிக்கலுக்கு அது எமன். ஆகவே உங்கள் அமைப்பில் முதலில் சுத்த ஆல்கஹால், பிறகு ரெக்டிஃபைடு ஸ்பிரிட், அதன் பிறகே இந்தக் கச்சா ஆவியைப் போலச் செய்த கலவை என்று படிப்படியாகப் போங்கள்.


கல்லணைக்கால்:

சட்டமும் பாதுகாப்பும் கொஞ்சம். ஆய்வகத்துக்கு ஸ்பிரிட் வாங்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். இருப்புப் பதிவேடும் ஓட்டத்துக்கு ஓட்டம் செலவுக் கணக்கும் பொருந்த வேண்டும். சொந்தமாக வாஷ் போட்டு வடிப்பது "ஆய்வுக்காக" என்றாலும் குற்றமே. மெத்தில் கலந்த, பிரிடின் கலந்த ஸ்பிரிட் மலிவு என்று வாங்காதீர்கள். பிரிடினின் நைட்ரஜன் வினையூக்கியைக் கெடுக்கும், முடிவும் எதற்கும் ஒப்பிட முடியாததாகிவிடும்.

கரைசலை எடை போட்டுக் கலக்குங்கள், மில்லி கணக்கு வேண்டாம். ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்ந்தால் கனஅளவு சுருங்கும். 96% ஸ்பிரிட் எடைக்கு 93.8%தான். ஒரு கிலோ கரைசலுக்கு ஸ்பிரிட் 320 கிராம், தண்ணீர் 680 கிராம். தண்ணீர் டீஅயனைஸ்டு. கடற்கரைப் பக்கம் போர்த் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம், ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சமிருக்கும். அது சொட்டும் முனையில் வெள்ளையாகப் படிந்து துளையை அடைக்கும்.

ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை தீப்பிடிக்கும். கழிவு வாயுவை ஜன்னல் ஓரத்தில் விடாமல் கூரைக்கு மேல் கொண்டுபோங்கள். ஹைட்ரஜன் சென்சர் கூரை அருகே, மோனாக்ஸைடு சென்சர் மூக்கு உயரத்தில். மின்தடைக்கு: நைட்ரஜன் வரிசையில் கரண்ட் இல்லாதபோது திறந்துகொள்ளும் வகை சோலனாய்டு வால்வு போடுங்கள். கரண்ட் போனால் பம்ப் நின்று, ஆவி குளிர்ந்து சுருங்கி, ட்ராப்பில் இருக்கும் தண்ணீரைச் சூடான குழாய்க்குள் உறிஞ்சும். குவார்ட்ஸ் என்றால் விரிசல்தான். நிக்கல் நைட்ரேட்டைச் சுட்ட தூளை முகமூடி இல்லாமல் சலிக்காதீர்கள், அது புற்றுநோய் தரும் பொருள்.

இன்னொன்று. ஊரில் பலகை வைக்கும்போது "ஹைட்ரஜன்" என்று பெரிதாக எழுதி, கீழே "சாராயம், உமியிலிருந்து" என்றும் போடுங்கள். 2017 நெடுவாசல் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் "ஹைட்ரோ" என்று தொடங்கினாலே ஹைட்ரோகார்பன் என்றுதான் காதில் விழும். விளக்கம் சொல்லியே பாதி நாள் போய்விடும்.


வெண்ணாற்றங்கரை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். உருண்டைகளை எடுத்தாயிற்று, குவார்ட்ஸ் உறை போட்டாயிற்று, ஆவியாக்கி அறை 180இல். முள் துடிப்பு நின்றுவிட்டது. உறை இல்லாத வெற்றோட்டத்தில் எத்தனால் மாற்றம் 34%, உறையோடு 4%. பழைய வினையூக்கியே, புதிதாக ஒடுக்கியது, 20 மணி நேரம் ஓடியது; அழுத்த இழப்பு 0.05லிருந்து 0.09. எத்திலீன் கடைசிவரை 0.3 சதவீதத்துக்குள். லாந்தனம் போட்டது இந்த வாரம் சுட வேண்டும்.

ஒரு சந்தேகம். மோனாக்ஸைடு 11 சதவீதத்திலேயே நிற்கிறது. உலையை 500க்கு இறக்கினால் ஷிஃப்ட் வினை சாதகமாகி அது குறையுமே, இறக்கலாமா?


உலைக்களம்:

இறக்காதீர்கள். 500இல் மோனாக்ஸைடு குறையும், மீத்தேன் ஏறும். முன்பு சொன்ன குறுக்குவழியில் பாருங்கள்: ஒரு மோல் மோனாக்ஸைடு மிச்சப்படுத்தினால் 1 ஹைட்ரஜன் லாபம், ஒரு மோல் மீத்தேன் கூடினால் 4 நட்டம். தவிர 500 சுற்றுவட்டம் நார்க்கரி வளர்வதற்கு ஏற்ற இடம். ரிஃபார்மரை 600, 650இல் வைத்துவிட்டு, வெளியே தனிக் குழாயில் 350 டிகிரியில் இரும்பு–குரோமியம் ஷிஃப்ட் படுகை வையுங்கள். மிச்சத் தண்ணீர் ஆவியாகவே வாயுவில் இருக்கிறது, புதிதாக நீராவி விட வேண்டாம். ஐஸ் ட்ராப்பை அதற்குப் பின்னால் நகர்த்தினால் போதும்.

அந்த 20 மணி நேர வினையூக்கியைத் தூக்கிப் போடாமல் எடை போட்டு வையுங்கள். லாந்தனம் போட்டதற்கும் அதே 20 மணி நேரம் ஓட்டி, இரண்டின் கரி எடையையும் ஒரு கிராம் வினையூக்கிக்கு, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்று இங்கே போடுங்கள்.